ஜீசியில் பீக் பிழைத்தால் முதலில் இன்லெற்றைத் திறந்து பாருங்கள்

காஸ் குரோமட்டோகிராப் (ஜீசி) என்பது மாதிரியை ஆவியாக்கி, அதிலுள்ள சேர்வைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பீக்காக, அதாவது மேடாக, வரைந்து காட்டும் கருவி. அது தரும் முடிவு திடீரென்று பிழைக்கத் தொடங்கினால், காரணம் பெரும்பாலும் சிரிஞ்ச், செப்டம் (ஊசி துளைத்துப் போகும் இறப்பர் வில்லை), லைனர் (மாதிரி ஆவியாகும் கண்ணாடிக் குழாய்) மூன்றில் ஒன்றாக இருக்கும். ஊசி நுழையும் வாயிலிருந்து, சேர்வைகளைப் பிரிக்கும் நீண்ட மெல்லிய குழாயான கொலத்தின் வாய்வரை உள்ள பகுதிதான் இன்லெற். அது ஒரு சாண் தூரம்கூட இல்லை. இந்த மூன்றையும் கழற்றிப் பூட்ட எஞ்சினியர் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய விடயம். கொழும்பிலிருந்து ஆள் வந்து சேரும்வரை மாதிரிகள் குளிர்சாதனப் பெட்டியில் காத்துக் கிடக்கும். கள்ளு மாதிரியென்றால் அங்கேயும் மெல்ல மெல்லப் புளித்துக்கொண்டே இருக்கும்.

எதையும் கழற்ற முன்னம் குரோமட்டோகிராமை வடிவாகப் பாருங்கள். பழைய நல்ல ஓட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. எல்லாப் பீக்கும் ஒரே விகிதத்தில் சிறுத்திருக்கிறதா? வரும் நேரம் மாறாமல் பரப்பு மட்டும் குறைந்திருந்தால், உள்ளே போன அளவு குறைவு என்று அர்த்தம். சிரிஞ்சில் குமிழ், அடைபட்ட ஊசி, தேய்ந்த செப்டம், இவற்றில் ஒன்று. பரப்புக் குறைந்ததோடு பீக்குகள் பிந்தியும் வந்தால் சேர்வைகளைச் சுமந்து செல்லும் கரியர் காஸ் எங்கோ ஒழுகுகிறது, அல்லது அமுக்கம் ஏறவில்லை. பாரமான சேர்வைகள் மட்டும் குறைந்திருந்தால் அவை ஊசிக்குள்ளோ லைனருக்குள்ளோ தங்கிவிட்டன. அற்ககோல், அமிலம் போன்ற முனைவுள்ளவை மட்டும் வால்விட்டால் (பீக்கின் பின்பக்கம் நீண்டு இழுபட்டால்) லைனரின் கண்ணாடி அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. கரைப்பான் உட்பட எல்லாமே வால்விட்டால் கொலம் பூட்டிய விதத்தைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, ஒரே கரைசலை 5 அல்லது 6 தடவை போட்டுப் பரப்புகளை எழுதிப் பாருங்கள். ஒட்டோசாம்ப்ளர் (தானாக ஊசி போடும் கருவி) நல்ல நிலையில் இருந்தால் சார் நியம விலகல், அதாவது பரப்புகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, 2 சதவீதத்துக்குள் நிற்கும். பழகிய கை என்றால் 5 சதவீதத்துக்குள் வரும். அதிலும் எண்களின் போக்குத்தான் கூடப் பேசும். உதாரணத்துக்கு 100, 99, 71, 101, 64 என்று இடைக்கிடை விழுந்தால் குமிழ் அல்லது பாதி அடைபட்ட ஊசி. 100, 94, 89, 83 என்று படிப்படியாக இறங்கினால் செப்டம் ஒழுக்கு, அல்லது குப்பிக்குள் வெற்றிடம் உண்டாகிறது. 2 மில்லிலீற்றர் குப்பியை வாய்மட்டும் நிரப்பினால், ஊசி ஒவ்வொரு முறையும் இழுக்கும்போது உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் போய் அளவு குறைந்துகொண்டே வரும். ஒன்று, ஒன்றேகால் மில்லிலீற்றரோடு நிறுத்துங்கள். மாறாக, எண்கள் படிப்படியாக ஏறினால் குப்பியின் மூடி தளர்ந்து கரைப்பான் ஆவியாகிக் கரைசல் செறிவடைகிறது. சித்திரை, வைகாசி வெயிலில், ஏசி நின்ற அறையில், ஒருமுறை துளைத்த மூடியோடு ஹெக்சேன் குப்பியைத் தட்டில் விட்டால் இது அன்றைக்கே நடக்கும்.

உள்ளக நியமம் (எல்லாக் கரைசலிலும் ஒரே அளவில் சேர்க்கும் தெரிந்த சேர்வை) போட்டிருந்தால் வேலை இன்னும் சுலபம். நியமமும் மாதிரிச் சேர்வையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் கோளாறு ஊசி போடுவதில் இருக்கிறது. நியமம் அசையாமல் நிற்க மற்றது மட்டும் ஆடினால் மாதிரி தயாரிப்பிலோ லைனரிலோ தேடுங்கள்.

சிரிஞ்ச்

கையால் போடுபவர்கள் வழமையாகப் பாவிப்பது 10 மைக்ரோலீற்றர் சிரிஞ்ச். ஊசியை மாதிரிக்குள் வைத்தபடி தண்டை ஐந்தாறு தடவை வேகமாக மேலும் கீழும் இழுத்து அடியுங்கள், பிறகு மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் குமிழ் வரும். இழுத்து முடிந்ததும் சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் ஊசி போடவே கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று, ஊசியின் துளைக்குள்ளும் மாதிரி நிற்கிறது என்பது. குழாயில் 1.0 என்று வாசித்தாலும் ஊசிக்குள் அரை மைக்ரோலீற்றருக்கு மேல் இருக்கலாம். 250 பாகை சூட்டுக்குள் ஊசியை விட்டதும் அந்த அரையும் கொதித்து வெளியே வரும். முதலில் வருவது இலேசானவை, ஊசிக்குள் ஒட்டி நிற்பது பாரமானவை. ஆகவே தண்டை முதலில் ஒரு மைக்ரோலீற்றர் அளவு பின்னுக்கு இழுத்து, ஊசியிலிருக்கும் மாதிரியைக் கண்ணாடிக் குழாய்க்குள் கொண்டுவந்து, முன்னும் பின்னும் காற்று நிற்க மொத்த நீளத்தையும் வாசியுங்கள். பிறகு ஊசியை ஒரே மூச்சில் அடிவரை விட்டு, தண்டை அடித்து, உடனே வெளியே எடுங்கள். சிலர் ஊசியை இரண்டு மூன்று செக்கன் சூடாக்கிவிட்டுத் தண்டை அடிப்பார்கள், அதுவும் ஒரு முறைதான். எந்த முறையென்றாலும் நியமத்துக்கும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) மாதிரிக்கும் ஒரே முறையாக இருக்க வேண்டும். காலையில் ஒருவர் நியமம் போட்டு, பின்னேரம் வேறொருவர் மாதிரி போட்டால் அந்த அளவீட்டுக் கோட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கழுவுவதும் மாதிரியைப் பொறுத்தது. எண்ணெய் எஸ்ரர்களுக்கு (எண்ணெயின் கொழுப்பமிலங்களை எளிதில் ஆவியாகும்படி மாற்றியவை) பிறகு ஹெக்சேன் போதும். தண்ணீர் கலந்த மாதிரிக்குப் பிறகு முதலில் தண்ணீர், பிறகு அசற்றோன். நேரே அசற்றோனை இழுத்தால் கரைந்திருந்த உப்பும் சீனியும் ஊசிக்குள்ளேயே படிந்துவிடும். தண்டு இறுகினால் பலவந்தமாகத் தள்ளாதீர்கள். வளைந்த தண்டு பிறகு ஒருபோதும் நேராகாது.

செப்டம்

கையால் போடும் இடங்களில் செப்டத்துக்கு ஆயுள் குறைவு, ஏனென்றால் ஊசி ஒவ்வொரு தடவையும் வேறு கோணத்தில் போகும். 50 ஊசிக்கு ஒருமுறை மாற்றுவது என் கணக்கு. ஒட்டோசாம்ப்ளரில் 100 வரை விடலாம். ஊசி நுனியில் கொக்கி போல ஒரு மடிப்பு விழுந்திருந்தால் புதுச் செப்டமும் பத்தாவது ஊசியிலேயே கிழியும். நுனியை நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள், கீறினால் அந்தச் சிரிஞ்சை ஒதுக்கிவிடுங்கள்.

நட்டை இறுக்கினால் ஒழுக்கு நிற்கும் என்ற நினைப்புத்தான் செப்டத்தைக் கெடுப்பது. இறுகிய சிலிக்கோன் இறப்பர் ஊசிக்கு விலகிக் கொடுக்காது. ஊசி அதிலிருந்து சின்னச் சின்னத் துணுக்கைத் தோண்டி லைனருக்குள் தள்ளும். அந்தத் துணுக்குகள் சூட்டில் சிலொக்சேன்களை விடும், குரோமட்டோகிராமில் ஒழுங்கான இடைவெளியில் வரிசையாகத் தேவையில்லாத பீக்குகள் எழும்பும். விரல் இறுக்கத்துக்குப் பிறகு அரை முதல் முக்கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.

மாற்றும்போது இன்லெற்றை ஆறவிட்டு, ஓவனும் ஆறிய பிறகே காஸை நிறுத்துங்கள். சூடான கொலத்துக்குள் காற்றுப் போனால் கொலம் கெடும். செப்டத்தைக் குறட்டால் பிடியுங்கள், விரலில் உள்ள எண்ணெயே பீக்காக வரும். ஒழுக்குப் பார்க்கச் சவர்க்காரத் தண்ணீர் விடாதீர்கள், அது உள்ளே உறிஞ்சப்பட்டு நாட்கணக்கில் தொல்லை தரும். இலத்திரனியல் ஒழுக்குமானி இல்லாவிட்டால், கொலத்துக்குப் போகும் வழியையும், ஸ்ப்ளிட் (ஆவியின் ஒரு பங்கை வெளியே விடுவது), செப்டம் பேர்ஜ் (செப்டத்தின் அடியைக் கழுவி வெளியேறும் காஸ்) வழிகளையும் அடைத்து, அமுக்கத்தை 25 பிஎஸ்ஐ வரை ஏற்றி, காஸை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். அரை பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

லைனரும் தண்ணீரும்

பனங்கள்ளு, பனஞ்சாராயம் பார்க்கும் ஆய்வுகூடங்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் நீளமாகவே தேவை. ஊசி போடுவதில் வரும் பிழைகளில் ஆகக் கூடுதலாக ஏமாற்றுவது தண்ணீர்தான்.

ஒரு மைக்ரோலீற்றர் திரவம் ஆவியானால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை இலட்சிய வாயுச் சமன்பாட்டைக் கொண்டே கணக்கிடலாம். இன்லெற் 250 பாகை செல்சியஸ், மானி அமுக்கம் 10 பிஎஸ்ஐ என்று எடுங்கள். ஹெக்சேன் 1 மைக்ரோலீற்றர் கிட்டத்தட்ட 195 மைக்ரோலீற்றர் ஆவியாக விரியும். எதனோல் 440 அளவில், மெதனோல் 630 அளவில். தண்ணீரோ 1400 மைக்ரோலீற்றரைத் தாண்டும். 4 மில்லிமீற்றர் உள்விட்டம் கொண்ட, எட்டுச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள லைனரின் முழுக் கனவளவே ஒரு மில்லிலீற்றர்தான், அதிலும் கரியர் காஸ் ஏற்கனவே நிற்கிறது. 40 சதவீதச் சாராயம் 1 மைக்ரோலீற்றர் போட்டால் லைனர் விளிம்புவரை நிரம்பிவிடும். கள்ளிலிருந்து வடித்தது என்றால் நிரம்பி வழியும்.

வழிந்த ஆவி மேலே செப்டம் பேர்ஜ் குழாய்க்கும் பின்னே கரியர் காஸ் வரும் குழாய்க்கும் போகிறது. அந்தக் குழாய்கள் குளிர்ந்தவை. அங்கே படிந்து, அடுத்த ஊசியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அப்படித்தான் மெதனோலே இல்லாத மாதிரியில் மெதனோல் காட்டும், பரப்புகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. இதில் ஏமாற்று எங்கே என்றால், எஃப்ஐடி (சேர்வைகளைச் சுவாலையில் எரித்து அறியும் உணரி) தண்ணீரைக் காணாது. ஹெக்சேன் அதிகமானால் திரையில் மலை போலக் கரைப்பான் பீக் எழும்பி எச்சரிக்கும். தண்ணீர் லைனரை நிரப்பி வழிந்தாலும் திரை அமைதியாகவே இருக்கும்.

திருத்துவதற்குப் பலர் முதலில் இன்லெற் சூட்டைக் குறைப்பார்கள். 250 இலிருந்து 200 பாகைக்கு இறக்கினால் ஆவியின் கனவளவு பத்தில் ஒரு பங்குதான் குறையும். 10 பிஎஸ்ஐ அமுக்கத்தை ஊசி போடும் அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் 30 ஆக்கினால் கனவளவு பாதிக்குச் சற்று மேலாக இறங்கும். போடும் அளவைப் பாதியாக்கினால் சரிபாதி. இரண்டையும் சேர்த்து, 0.5 மைக்ரோலீற்றரும் 30 பிஎஸ்ஐயும் என்றால் சுத்தத் தண்ணீரே 400 மைக்ரோலீற்றருக்குள் அடங்கிவிடும். ஸ்ப்ளிட்டை, அதாவது வெளியே விடும் பங்குக்கும் கொலத்துக்குப் போகும் பங்குக்கும் உள்ள விகிதத்தை, 20:1 அல்லது 50:1 வையுங்கள். அற்ககோல்களுக்கு உணர்திறன் அதிகம் தேவைப்படாது.

கள்ளை நேரே ஊசி போடுவது பற்றி ஒரு வார்த்தை: போடாதீர்கள். அதில் புளிக்காமல் எஞ்சிய சீனி இருக்கிறது, ஈஸ்ற் இருக்கிறது. கருப்பநீர் (பதநீர்) என்றால் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும். இவை எதுவும் ஆவியாகாது. பத்துப் பதினைந்து ஊசிக்குப் பிறகு லைனரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் அதற்குள் இருக்கும் கண்ணாடிப் பஞ்சின் மேற்பகுதி தேயிலைச் சாய நிறத்தில் இருக்கும். அதன் நடுவில், ஊசிமுனை நின்ற இடத்துக்கு நேர்கீழே, கறுத்த பொட்டு ஒன்று. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் பனங்கட்டி காய்ச்சும் தாச்சியில் அடிப்பிடித்த மணம். அந்தக் கருகலுக்கு மேல் விழும் அடுத்த மாதிரியின் அற்ககோல்கள் அதில் ஒட்டி ஒட்டி வெளியேறும், பீக் வால்விடும். காய்ச்சி வடித்துப் போடுங்கள். ஹெட்ஸ்பேஸ் (குப்பியில் திரவத்துக்கு மேல் நிற்கும் ஆவியை மட்டும் எடுத்துப் போடும்) வசதி இருந்தால் அது இன்னும் மேல், சீனியும் சுண்ணாம்பும் குப்பிக்குள்ளேயே நின்றுவிடும்.

உள்ளக நியமமாக 1-புரொப்பனோலைப் பாவிக்கும் பழக்கம் இரத்தத்தில் எதனோல் பார்ப்பதிலிருந்து வந்தது. சாராயத்துக்கு அது பொருந்தாது. புளித்த பானங்களில் 1-புரொப்பனோல் இயல்பாகவே உண்டு. நியமத்தின் பரப்பு மாதிரிக்கு மாதிரி கூடுவதைப் பார்த்து ஊசியில் பிழை தேடி மினக்கெட வேண்டிவரும். 3-பென்டனோல் எடுங்கள்.

லைனரைக் கழுவலாமா என்றால், எதனோலுக்குக் கழுவலாம், பூச்சிகொல்லி எச்சத்துக்கு வேண்டாம். பிரஷ் விட்டுத் தேய்த்தால் உட்பூச்சுக் கீறுப்பட்டு, வெறும் கண்ணாடி வெளியே வரும். பஞ்சைத் திணிக்கும்போது நார் முறிந்தாலும் இதே கதைதான். வெங்காயம், மிளகாயில் பூச்சிகொல்லி எச்சம் பார்ப்பவர்கள் வேலை தொடங்க முன்னம் டிடிடியும் (DDT) எண்ட்ரினும் கலந்த கரைசல் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். DDT உடைந்தால் DDE, DDD பீக்குகளும், எண்ட்ரின் உடைந்தால் அதன் அல்டிகைட், கீற்றோன் பீக்குகளும் எழும்பும். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமையின் 8081 முறை இந்த உடைவு ஒவ்வொன்றும் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. தாண்டினால் லைனரை மாற்றுங்கள், அதோடு கொலத்தின் முகப்பில் 20 சென்ரிமீற்றர் அளவு வெட்டிவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் பார்க்கும்போது

சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2014, 2015 காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. அப்படிப்பட்ட மாதிரிகளில் ஊசி போடும் முறை பிழைத்தால் முடிவு ஒரு பக்கம் சாயும்: இலேசான ஐதரோகாபன்கள் சரியாக வர, பாரமானவை காணாமல் போகும். கிணற்றுக்காரருக்குத் தண்ணீர் இருப்பதைவிடச் சுத்தமாகத் தோன்றும். ஆகவே இதில் அலட்சியத்துக்கு இடமே இல்லை.

ஐஎஸ்ஓ 9377-2 முறை காபன் 10 முதல் காபன் 40 வரையான பகுதியை அளக்கிறது. அதில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. காபன் 20, காபன் 40 அல்கேன்களைச் சம அளவில் கலந்து போட்டால், 40 இன் பரப்பு 20 இன் பரப்பில் குறைந்தது 0.8 பங்காவது இருக்க வேண்டும். எஃப்ஐடி இரண்டுக்கும் நிறைக்கு நிறை ஏறக்குறையச் சமமாகவே பதில் தரும் என்பதால், குறைவது பெரும்பாலும் இன்லெற்றின் கணக்கு.

உங்கள் எண் 0.5 வந்தால் முதலில் நியமக் குப்பியையே பாருங்கள். காபன் 40 குளிரில் ஹெக்சேனில் நன்றாகக் கரைந்து நிற்காது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் போட்டால் அது அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அறைச் சூட்டுக்கு வந்து, நன்றாகக் குலுக்கிக் கரைந்த பிறகே எடுங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் இன்லெற் 300 பாகையில் இருக்கிறதா, லைனரில் பஞ்சு இருக்கிறதா, அது ஊசிமுனை துடைபடும் உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்ப்ளிட்லெஸ் நேரம், அதாவது ஊசி போட்ட பின் ஸ்ப்ளிட் வழியை மூடி வைத்திருக்கும் நேரம். கொலத்தின் பாய்ச்சல் நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர், லைனர் 1 மில்லிலீற்றர் என்றால், லைனரை ஒருமுறை கழுவவே ஒரு நிமிடம் வேண்டும். அரை நிமிடத்தில் ஸ்ப்ளிட்டைத் திறந்தால் பாதி வெளியே போகும், அதில் பாரமானவையே அதிகம். ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் கொடுங்கள்.

ஸ்ப்ளிட்லெஸ்ஸில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஓவனின் ஆரம்பச் சூடு கரைப்பானின் கொதிநிலையை விட 10 முதல் 20 பாகை குறைவாக இருந்தால்தான் முதல் பீக்குகள் கூராக வரும். ஹெக்சேன் 69 இல் கொதிக்கும், 50 இல் தொடங்கலாம். டைகுளோரோமெதேன் 40 இல் கொதிக்கிறது. நம்முடைய ஊரில் அறையே 32 பாகையில் இருக்கும்போது ஓவன் 30 க்கு இறங்காது. எந்தப் புத்தகத்து முறையாக இருந்தாலும், கடைசிக் கரைப்பானை ஹெக்சேனுக்கோ 99 பாகையில் கொதிக்கும் ஐசோஒக்டேனுக்கோ மாற்றிவிட்டுப் போடுங்கள்.

எண்ணெய் எஸ்ரர் பார்ப்பவர்களுக்குத் தேங்காயெண்ணெயே கையில் இருக்கும் சோதனைக் கரைசல். காபன் 8 முதல் 18 வரையான இரட்டை எண் கொழுப்பமிலங்கள் எல்லாம் ஒரே மாதிரியில் உண்டு. சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸின் வரம்பின்படி லோரிக் அமிலம் 45.1 முதல் 53.2 சதவீதம், காபன் 8 அமிலம் 4.6 முதல் 10.0. லோரிக் வரம்பைத் தாண்டி ஏறி, ஒலெயிக் 5 க்குக் கீழே இறங்கியிருந்தால் எண்ணெயைக் குறை சொல்ல முன்னம் ஊசியைப் பாருங்கள். காபன் 8 மட்டும் குறைந்தால் நைதரசன் ஊதி உலர்த்தியபோது அது பறந்திருக்கும்.

கொலமும் கரண்டும்

கொலத்தின் நுனி இன்லெற்றுக்குள் எவ்வளவு நீள வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. சிலவற்றில் பெருலுக்கு (கொலத்தை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) மேல் 4 முதல் 6 மில்லிமீற்றர், சிலவற்றில் 30 க்கு மேல். மற்ற இயந்திரத்தில் பழகிய கை இங்கே பிழை விடும், மனுவலைத் திறந்து அளந்து பூட்டுங்கள். பெருலுக்குள்ளால் விட்ட பிறகு நுனியை இன்னொரு சென்ரிமீற்றர் வெட்டி, பூதக்கண்ணாடியால் பாருங்கள். நேரான வெட்டு வேண்டும், கிராபைற் தூள் ஒட்டியிருக்கக் கூடாது.

கரண்ட் போய் வந்தால் உடனே ஊசி போடாதீர்கள். இன்லெற் ஆறிச் சூடாகும்போது செப்டமும் பெருலும் சுருங்கி விரியும், இறுகியிருந்த இடம் தளரும். ஓவனைச் சூடாக்க முன்னம் பதினைந்து நிமிடம் கரியர் காஸ் ஓடட்டும். பிறகு அமுக்கம், ஸ்ப்ளிட் பாய்ச்சல் இரண்டையும் பாருங்கள். குமிழிப் பாய்ச்சல்மானியை ஸ்ப்ளிட் வாயில் பிடித்து, கொலத்தில் நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் ஓட, 50:1 என்று போட்ட இடத்தில் 50 மில்லிலீற்றர் உண்மையில் வருகிறதா என்று அளப்பது இரண்டு நிமிட வேலை. குறைந்து வந்தால் ஸ்ப்ளிட் வழியில் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி வடி அடைபட்டிருக்கும், எண்ணெய் எஸ்ரர் போடும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். எல்லாம் சரியென்றால் எதையும் போடாமல் ஒரு வெற்று ஓட்டம், பிறகு கரைப்பான் மட்டும் ஒன்று, பிறகு நியமம். வெற்று ஓட்டத்திலேயே பீக் எழும்பினால் அது செப்டத்திலிருந்தோ காஸ் குழாயிலிருந்தோ வருகிறது. கரைப்பானோடுதான் எழும்பினால் சிரிஞ்சையும் கழுவும் குப்பியையும் மாற்றுங்கள். நியமம் காலையில் தந்த பரப்பைத் திரும்பத் தந்த பிறகு, நின்றுபோன மாதிரியை முதலிலிருந்து போடுங்கள்.